நால்வரிடம் கொண்டுபோன ஓர் அட்டவணை: மட்டக்களப்பில் உயிர்ப் புள்ளிவிபரவியல் படிக்க யாரை நாடுவது?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவு செய்கிறவர்களுக்கு இணைந்த கணிதம் கிடையாது. ஆகவே மருத்துவம், தாதியியல், பொதுச் சுகாதாரம் என்று போகிற நம் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கடைசியாகக் கண்ட புள்ளிவிபரவியல், சாதாரண தரக் கணிதத் தாளில் வரைந்த திரள் மீடிறன் வளையியும் அதிலிருந்து எடுத்த காலணையிடை வீச்சுமாகத்தான் இருக்கும். பல ஆண்டுகள் கழித்து, ஆய்வுத் திட்டம் எழுதும் பருவத்தில், கைவர்க்கச் சோதனையும் (chi-square, இரண்டு விடயங்களுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்ப்பது) பிற்செலவும் (regression, ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடுவது) நம்பிக்கை ஆயிடையும் (confidence interval, உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய வீச்சு) ஒரே மாதத்தில் வந்து வரிசையில் நிற்கின்றன. நான் ஒரு தாதிய உத்தியோகத்தர். கடமையில் இருந்துகொண்டே பட்டப்படிப்பை முடிக்க முயன்றபோது எனக்கும் இதுவே நேர்ந்தது. ரியூசனுக்கு ஆள் தேடி ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்ததில், இங்கே அகப்படக்கூடிய நான்கு வகையினரிடமும் இருந்து பார்த்துவிட்டேன். அவர்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பிடுவதற்குப் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டுமென்று, சிறிய அட்டவணை ஒன்றை எழுதி எல்லோரிடமும் அதையே கொண்டுபோனேன். எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. மொத்தம் 200 கர்ப்பிணித் தாய்மார். அவர்களில் 80 பேருக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைவு, அதாவது குருதிச்சோகை. ஏனைய 120 பேருக்கு அது இல்லை. குருதிச்சோகை உள்ள 80 பேரில் 20 பேருக்கும், இல்லாத 120 பேரில் 15 பேருக்கும் 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் குழந்தை பிறந்தது. என் கேள்விகள் இரண்டு. முதலாவது, இதிலிருந்து ஆய்வேட்டில் எழுத வேண்டிய எண் எது, அது ஏன்? இரண்டாவது, 200 பேர் போதுமா?

முதலில் போனது, கல்லடிப் பக்கம் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம். நம் ஊரில் ரியூசன் என்றாலே முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் இவர்கள்தான். மாதக் கட்டணம் தாங்கக்கூடியது, பாடம் தமிழில் நடக்கும், ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் தனியாக ஒதுக்கித் தருவார்கள். சேர் என் அட்டவணையை வாங்கிப் பார்த்து, எதிர்பார்க்கும் மீடிறன்களை, அதாவது தொடர்பே இல்லாவிட்டால் ஒவ்வொரு பெட்டியிலும் வரவேண்டிய எண்ணிக்கைகளை, கரும்பலகையில் ஒவ்வொன்றாகக் கணித்து, கைவர்க்கப் பெறுமானம் 5.19 என்று பத்து நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மிகச் சிறிய எதிர்பார்க்கும் மீடிறன் 14. அது 5-க்குக் கீழே போயிருந்தால் இந்தச் சோதனையை அப்படியே நம்பக்கூடாது என்பதையும் அவரே சொன்னார். அதுவரை கணினித் திரையில் மட்டும் கண்ட ஓர் எண், எங்கிருந்து பிறக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நியம விலகலுக்கும் நியம வழுவுக்கும் (standard error, மாதிரியிலிருந்து எடுத்த மதிப்பீடு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதன் அளவு) உள்ள வேறுபாட்டை விளக்க அவர் ஐந்து பிறப்பு நிறைகளை எழுதினார்: 2.4, 2.8, 3.0, 3.2, 3.6 கிலோகிராம். இடை 3.0. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.80. அதை 5-ஆல் வகுத்து மூலமெடுத்து, நியம விலகல் 0.40 என்றார். வீட்டுக்கு வந்து அதே ஐந்து எண்களைக் கணினியில் இட்டேன்; 0.447 என்று வந்தது. எங்கே பிழை விட்டேன் என்று தேடி ஒரு கிழமை போனது. பிழை யாருடையதும் அல்ல. உயர்தரப் பாடத்திட்டத்தில் வகுப்பது எண்ணிக்கையால். மாதிரி ஒன்றிலிருந்து குடித்தொகையை மதிப்பிடும்போது வகுக்க வேண்டியது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது 4-ஆல். அடுத்த ஞாயிறு இதைக் கொண்டுபோய்க் காட்டியதும் சேர் மறுக்கவில்லை. கையாளும் மாதிரி சிறிதாக இருந்தால் மதிப்பீடு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதையும், அதே கவலையில்தான் டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த கொசெட் என்பவர் 1908-இல் ‘ஸ்ருடன்ற்’ என்ற புனைபெயரில் தம் சோதனையை வெளியிட்டார் என்பதையும் எடுத்துச் சொன்னார். ஆயினும், என் முதலாவது கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. ‘தொடர்பு இருக்கிறது என்று காட்டிவிட்டோம், பிறகென்ன?’ என்றார். கணிதத்தில் அத்துடன் முடிந்துவிடுகிறது. மருத்துவத்தில் அங்கேதான் கேள்வி தொடங்குகிறது.

இரண்டாவது, சமுதாய மருத்துவத்தில் பயிற்சி பெற்று, சொந்தமாக ஆய்வு செய்து கட்டுரை வெளியிட்ட ஒருவர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே இருப்பதாலும், போதனா வைத்தியசாலையும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களும் சுற்றிவர இருப்பதாலும், இத்தகையோர் இங்கே இல்லாமல் இல்லை. அவர்களுக்கு நேரம்தான் இல்லை. எனக்குக் கிடைத்தது இரண்டு மாலைகள் மட்டுமே. ஆனால் அவர் அட்டவணையைப் பார்க்கும் முன்பே கேட்ட கேள்வி, மற்ற மூவரும் ஒருநாளும் கேட்காதது: ‘இந்தத் தாய்மாரை எப்படித் தெரிவு செய்தீர்கள்?’ கிளினிக்கில் பதிந்த தாய்மாரைப் பிரசவம் வரை பின்தொடர்ந்திருந்தால், 25 வீதத்தை 12.5 வீதத்தால் வகுத்துச் சார்பு ஆபத்து (relative risk, ஒரு குழுவின் ஆபத்து மற்றதன் எத்தனை மடங்கு என்பது) 2.0 என்று எழுதலாம். அதன் 95 வீத நம்பிக்கை ஆயிடை 1.09 முதல் 3.67 வரை. நிறை குறைந்த குழந்தைகளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தாயின் அட்டையைத் தேடியிருந்தால் அந்த 2.0 என்ற எண்ணுக்கே பொருள் இல்லை. அப்போது எழுதக்கூடியது முரண் விகிதமான (odds ratio, 20-ஐ 60-ஆல் வகுத்ததை, 15-ஐ 105-ஆல் வகுத்ததால் வகுப்பது) 2.33, ஆயிடை 1.11 முதல் 4.89 வரை. நான்கு பெட்டிகளில் இருக்கும் எண்கள் மாறவில்லை. அவற்றைச் சேகரித்த விதம் மாறியதும் எழுத வேண்டிய எண் மாறிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கும் அவரிடமே தெளிவான விடை கிடைத்தது. நம் பக்கத்து ஆய்வுத் திட்டங்களில் 384 என்ற எண் ஒரு மந்திரம் போல் ஓதப்படுகிறது. 1.96-இன் வர்க்கத்தை 0.5-ஆலும் 0.5-ஆலும் பெருக்கி 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும், அவ்வளவுதான் அதன் பூர்வீகம். ஒரு குடித்தொகையில் ஒரு விகிதத்தை ஐந்து வீதத் துல்லியத்துடன் மதிப்பிடுவதற்கான எண் அது. இரண்டு குழுக்களை ஒப்பிடுவதற்கு உரியதல்ல. 25 வீதத்துக்கும் 12.5 வீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை 80 வீத வலுவுடன், அதாவது உண்மையில் இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடாமல் பிடிக்க 80 வீத வாய்ப்புடன், கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 149 பேர் வேண்டும் என்று அவர் ஒரு கடித உறையின் பின்புறத்தில் கணக்கிட்டுக் காட்டினார். எனவே என் 200 போதாது. என் அட்டவணையில் பி பெறுமானம் (p-value, தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு வரும் வாய்ப்பு) 0.023 என்று வந்திருப்பதைக் கொண்டு மாதிரி போதுமானதாக இருந்தது என்று வாதாட முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். குறை ஒன்று உண்டு. இத்தகையோர் அடிப்படையிலிருந்து கற்பிக்க மாட்டார்கள். நியம வழு என்றால் என்னவென்று தெரியாமல் அவர் முன் போய் உட்கார்ந்தால் அந்த இரண்டு மாலைகளும் வீண். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உங்கள் விடைத்தாளையோ ஆய்வேட்டையோ மதிப்பிடக்கூடிய ஒருவரிடம் காசு கொடுத்துப் படிப்பது இருவருக்குமே கூடாது. அப்படிப்பட்டவர்களிடம் காசு பேசாமல் சந்தேகம் மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, இணையவழி ஆசிரியர். இரவுக் கடமை முடிந்து வருகிறவர்களுக்கு இதைவிட வசதியானது வேறில்லை. திரையைப் பகிர்ந்து காட்டுவார்கள், பாடத்தைப் பதிவு செய்து வைக்கலாம், மணித்தியாலக் கணக்கில் கட்டணம். கொழும்பிலிருந்து கற்பிப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடத்துவார்கள். தமிழில் வேண்டுமென்று தேடினால் தமிழ்நாட்டு ஆசிரியர்களே கூடுதலாக அகப்படுகிறார்கள். அங்கே எனக்கு ஒரு வேடிக்கை நடந்தது. நாம் இடை என்பதை அவர்கள் சராசரி என்கிறார்கள். நம்முடைய இடையம் அவர்களுக்கு இடைநிலை. நம்முடைய ஆகாரம் அவர்களுக்கு முகடு. நியம விலகல் திட்ட விலக்கமாகிவிடுகிறது. முதல் வகுப்பில் அவர் இடைநிலை என்று சொல்லச் சொல்ல, நான் அதை இடை என்றே விளங்கிக்கொண்டு, குறிப்புக் கொப்பியில் ஒரு பக்கம் முழுவதும் பிழையாக எழுதி வைத்திருந்தேன். வைத்தியசாலையில் தங்கிய நாட்கள் போன்ற, ஒரு சிலரின் மிகப் பெரிய எண்களால் ஒரு பக்கம் சரிந்த தரவுகளுக்கு இடையையும் இடையத்தையும் மாற்றி எழுதினால் முடிவே தலைகீழாகிவிடும். இதற்கு மருந்து எளிது: முதல் வகுப்பிலேயே இருபது சொற்களுக்கு ஆங்கிலம், நம் தமிழ், அவர் தமிழ் என்று மூன்று நிரல் போட்டுக்கொள்வது.

அந்த ஆசிரியரிடம் மென்பொருள் கைவசம் இருந்தது. என் அட்டவணையை இரண்டு நிமிடத்தில் உள்ளிட்டு, 5.19, 0.023, சார்பு ஆபத்து, முரண் விகிதம் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டினார். எதை எழுதுவது என்று கேட்டதற்கு, ‘ரெண்டையும் எழுதிருங்க மேடம்’ என்றார். மென்பொருள் இரண்டையும் அச்சிடும். தாய்மாரை எப்படித் தெரிவு செய்தோம் என்பது அதற்குத் தெரியாது. இதைக் கொண்டு இணையவழி ஆசிரியர்கள் எல்லோரையும் எடைபோடுவது நியாயமன்று; என் கேள்விக்குச் சரியான விடை சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன், இலவச அறிமுக வகுப்பிலேயே இத்தகைய ஓர் அட்டவணையை நீட்டிப் பார்ப்பதற்கு ஒன்றும் செலவில்லை.

நான்காவது வகையினரை ஆசிரியர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ‘டேட்டாவைத் தாருங்கள், பகுப்பாய்வு செய்து தருகிறோம்’ என்பவர்கள் இவர்கள். தரவைக் கொடுத்த நான்காம் நாள் இருபத்தாறு பக்கத்தில் வண்ண வண்ண வரைபடங்களுடன் ஒரு கோப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். என்னுடன் படித்த ஒருவர் அப்படி ஒன்றைப் பெற்றார். வாய்மொழிப் பரீட்சையில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: ‘ஒரே தாயிடம் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளுக்குச் சாரா (ஒன்றோடொன்று தொடர்பற்ற) மாதிரிகளுக்குரிய சோதனையை ஏன் பயன்படுத்தினீர்கள்?’ சோடி சேர்த்த சோதனை என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதுவதற்கு மூன்று மாதம் கேட்டு வாங்கினார். கொடுத்த காசு போனது வேறு. நேர நெருக்கடியில் இவர்களிடம் போகிறவர்களை நான் குறை கூறமாட்டேன். எதற்காக இந்தச் சோதனை என்று உட்கார்ந்து விளக்கச் சம்மதிக்கிறவராக இருந்தால் அவரும் ஆசிரியராகிவிடுகிறார். நான் விசாரித்தவரை சம்மதித்தவர் ஒருவருமில்லை.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். 2009 முதல் ஐபிஎம் நிறுவனத்தின் கையில் இருக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் இஹாக்காவும் ஜென்டில்மனும் தொடங்கிய ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். அதன் மேல் கட்டிய ஜமோவியும் இலவசம், கட்டளை எழுதாமலே அதில் வேலை செய்யலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் உருவாக்கிய எபி இன்ஃபோவும் இலவசமாக வெளியிடப்பட்டதே. திருட்டுப் பிரதிக்கு அலைவதைவிட ஜமோவியைப் பழக இரண்டு இணைய வகுப்புகளுக்குக் காசு கொடுப்பது மேல்.

என் தெரிவைக் கேட்டால், இவர்களில் ஒருவரை மட்டும் தெரிவு செய்ய மாட்டேன். அவர்களை நாடும் ஒழுங்கை மாற்றுவேன். நான் போனது தரவு சேகரித்து முடிந்த பிறகு. அது பெரும் பிழை. ஆய்வுத் திட்டம் எழுதத் தொடங்கும் மாதத்திலேயே கணித ஆசிரியரிடம் ஆறு ஞாயிறுகள் இருந்து நியம விலகல், நியம வழு, நம்பிக்கை ஆயிடை, கைவர்க்கம் ஆகிய நான்கையும் கையால் கணிக்கப் பழக வேண்டும். வினாக்கொத்தை அச்சடிப்பதற்கு முன், மாதிரிப் பருமனையும் தெரிவு முறையையும் மட்டும் எழுதிக்கொண்டு ஆய்வு அனுபவமுள்ளவரிடம் போக வேண்டும். மூன்று நண்பர்கள் சேர்ந்து போனால் அவருக்கும் நேரம் மிச்சம். இணையவழி ஆசிரியர் கடைசியில், தரவு கைக்கு வந்த பிறகு, மென்பொருளுக்காக மட்டும்.

அம்பாறை மாவட்டத்தில், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தாது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருப்பதால், கணிதமும் புள்ளிவிபரவியலும் படித்த பட்டதாரிகளை அந்தப் பக்கத்தில் தேடிப் பிடிப்பது எளிது. உயர்தர வகுப்புக் கணித ஆசிரியருக்குப் பதிலாக முதல் ஆறு ஞாயிறுகளுக்கு அவர்களில் ஒருவரைப் பிடிக்கலாம், ஒன்று குறைத்து வகுக்கும் சிக்கலும் வராது. இரண்டாவது ஆளைத் தேடுவதுதான் அவர்களுக்குச் சற்றுச் சிரமம். அதற்கு ஒரு மாலை மட்டக்களப்புக்கு பஸ் ஏற வேண்டி வரலாம். மாதிரிப் பருமனை எழுதிய தாளை மறக்காமல் கொண்டு வாருங்கள்.