ஒரு பாரதம், ஒரு கொலை: ஒன்றரை வருட வாசிப்புக் கணக்கு

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எனக்கு நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு புராணக் கதை படித்தால் அடுத்தது துப்பறியும் கதை. கனமானதில் களைத்தால் லேசானதில் இளைப்பாறலாம், அவ்வளவுதான் யோசனை.

முதலில் எடுத்தது எஸ்.எல். பைரப்பா 1979இல் கன்னடத்தில் எழுதிய 'பருவம்', பாவண்ணன் மொழிபெயர்ப்பில். அஸ்தினாபுரத்தில் தொடங்கும் என்று பார்த்தால், மத்ர நாட்டில் கிழவர் சல்லியன் வீட்டில், பேத்தியின் கல்யாணக் கவலையில் தொடங்குகிறது. வரமும் சாபமும் வேலை செய்யாத பாரதம் இது. யார் எத்தனை அம்பு விட்டார்கள் என்பதைவிட, களத்தில் கூடிய அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வரும், மலஜலத்துக்கு எங்கே போவார்கள் என்பதுதான் பைரப்பாவுக்குப் பெரிதாகப் படுகிறது. பிணவாடை அடிக்கும் அந்தப் பக்கங்களைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் படிக்காதீர்கள், பட்டவன் சொல்கிறேன். என் பிரதி பாதி வழியில் முதுகு பிளந்துவிட்டது. பசை தடவி, ரப்பர் பேண்ட் மாட்டித்தான் முடித்தேன்.

அப்புறம் அகதா கிறிஸ்டி. 1926இல் வந்த ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையைக் கல்லூரி நாட்களிலேயே படித்துவிட்டேன். கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு இதில் என்ன இருக்கும் என்ற சந்தேகத்தோடுதான் மறுபடி எடுத்தேன். ஆனால் முதல் தடவை ஓடி ஓடிப் படித்ததில் தவறவிட்டது ஏராளம். கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ, ஓய்வு பெற்று, கிராமத்தில் சுரைக்காய் மாதிரி ஒரு காய் வளர்க்கப் பார்த்து, வெறுத்துப்போய் ஒன்றைச் சுவருக்கு மேலே வீசுகிறார். பக்கத்து வீட்டு டாக்டர் மண்டை தப்புகிறது. அந்த டாக்டரின் அக்கா கரோலின் வாசற்படி தாண்டாமலே ஊர் வம்பு முழுவதையும் சேகரித்துவிடுகிறாள். எங்கள் தெருவிலும் ஒருவர் உண்டு, புவாரோவுக்கே வேலை வைக்க மாட்டார். தெரிந்துகொண்டு படித்தால் ஒவ்வொரு வரியிலும் ஆசிரியையின் கை தெரிகிறது. பொய் எதுவும் இல்லை, சொல்லாமல் விட்டது மட்டும் நிறைய. இதற்கு மேல் பேசினால் படிக்காதவர்கள் அடிக்க வருவீர்கள்.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இந்தத் தடவை அந்த அளவுக்கு நிற்கவில்லை. துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த் பேச்சு இன்றைக்கும் துள்ளுகிறது. பள்ளி நாட்களில் பயந்து போர்வைக்குள் படித்தது, இப்போது பயமில்லாமல் போனது என் வயதின் குறையாகவும் இருக்கலாம். கதையில் வரும் லீனா என்ற பெண்ணின் சொத்தைக் கவனிக்கிறவர் பெயர் குமாரவியாசன் என்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். பாரதம் இங்கேயும் விடவில்லை.

கடைசியாக எம்.டி. வாசுதேவன் நாயரின் 'இரண்டாம் இடம்', குறிஞ்சிவேலன் தமிழில். மலையாளத்தில் 1984இல் வந்தது. துவாரகையைக் கடல் கொண்டுபோன பிறகு, இமயத்தை நோக்கிய கடைசி நடையில் திரௌபதி விழுகிறாள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. பீமன் மட்டும் நிற்கிறான். அந்த இடத்திலிருந்து அவன் வாழ்க்கை பின்னோக்கி விரிகிறது. பாரதத்தில் எனக்குத் தெரியாத திருப்பம் ஏது என்ற தெனாவட்டில் படித்துக்கொண்டிருந்தவனைப் பின்பாதியில் குந்தி ஓர் உண்மையைச் சொல்லி உட்கார வைத்துவிட்டாள். இதுவரை படித்த எந்தத் துப்பறியும் கதையிலும் எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டதில்லை. அது என்னவென்று சொல்ல மாட்டேன்.

புத்தகம் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டாள் போல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன்டா, இது மூலத்துல இருக்கா?" என்றாள்.

"இல்லம்மா, இவர் எழுதினது."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லி மூடி வைத்தாள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.