டாக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: பெட்டியில் போட்டிருக்கும் 10 ஜிகாபிட் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்

என்னிடம் இருக்கும் 4 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியை லேப்டாப்பில் நேராகச் செருகினால் விநாடிக்கு 900 எம்பிக்கு மேல் எழுதுகிறது. அதையே புதிதாக வாங்கிய டாக்கில் (ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைந்து, மானிட்டர், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் போர்ட் தரும் பெட்டி) செருகினால் 38, மிஞ்சிப்போனால் 40 எம்பி. லேப்டாப் அதே, டிஸ்க் அதே, கேபிள் அதே, காப்பி செய்த கோப்பும் அதே. நடுவில் டாக் வந்தது மட்டும்தான் வித்தியாசம்.

விற்றவர்களின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால், அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் போதும் என்று ஆகிவிடும். இதே மாதிரி விளம்பரத்தோடு இதே மாதிரி டாக்கைப் பல பெயர்களில் விற்கிறார்கள். அதனால் ஆளை விட, அவர்கள் செய்யும் வேலையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

எனக்குத் தேவைப்பட்டது ஒன்றும் அதிசயமில்லை. மேஜைக்கு வந்ததும் லேப்டாப்பில் ஒரே ஒரு கேபிள். அதன் வழியாகவே சார்ஜ், 4கே மானிட்டர், நெட்வொர்க், கீபோர்டு, அப்புறம் வீடியோக் கோப்புகள் இருக்கும் அந்தப் பெரிய எஸ்எஸ்டி. விளம்பரத்தில் மூன்று வரிகள் பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: 10 ஜிகாபிட் தரவு வேகம், 4கே 60 ஹெர்ட்ஸ், 100 வாட் சார்ஜிங். சந்தேகத்தோடுதான் வாங்குவதற்கு முன்பே சாட்டில் கேட்டேன்: "4கே மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிக்கு முழு வேகம் கிடைக்குமா?" வந்த பதில்: "கண்டிப்பாகக் கிடைக்கும் சார். எல்லாமே ஒரே நேரத்தில் சப்போர்ட் ஆகும்." அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

டாக் வந்தது, எல்லாவற்றையும் மாட்டினேன். மானிட்டர் அழகாக வந்தது. சார்ஜ் ஏறியது. காப்பி மட்டும் ஊர்ந்தது. 4 டிபியையும் 40 எம்பி வேகத்தில் நிரப்ப வேண்டுமென்றால் ஒரு நாள் தாண்டி, 27 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நேரடி இணைப்பின் வேகத்தில் கணக்குப் போட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை.

சேவைப் பிரிவுக்கு எழுதினேன். முதல் பதில், கேபிள் சரியில்லை, எங்களுடைய பிரீமியம் கேபிளை வாங்கிப் பயன்படுத்துங்கள் என்று. கேபிளைச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்களில் நிறைய உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும் கொண்டவை. சார்ஜ் அட்டகாசமாக ஏறும், தரவு நத்தை வேகத்தில்தான் போகும். ஆனால் என் எஸ்எஸ்டியின் கேபிள் அந்த எஸ்எஸ்டியோடு வந்தது, லேப்டாப்பில் நேராகச் செருகும்போது அதே கேபிளில்தான் 900 வருகிறது. டாக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேபிளோ அவர்களே பெட்டியில் வைத்துக் கொடுத்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் கேபிள் பேச்சு நின்றுவிட்டது.

அடுத்ததாகச் சொன்னதுதான் எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைத்தது: "டிஸ்க்கை ஒருமுறை ஃபார்மட் செய்து பாருங்கள்." உள்ளே என்ன இருக்கிறது, வேறு பிரதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது நம்பி அழித்துவிட்டால் என்ன ஆவது? டாக்கில் மட்டும் மெதுவாக ஓடும் டிஸ்க்கை ஃபார்மட் செய்து ஒரு பயனும் இல்லை. நேராகச் செருகினால் வேகமாக ஓடுகிறது என்பதே டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதற்குப் போதுமான சாட்சி.

பிறகு டிரைவர் அப்டேட் என்றார்கள். அதற்கும் பிறகு, உங்கள் லேப்டாப் சப்போர்ட் செய்யாது என்றார்கள். ஒவ்வொரு பதிலும் நிதானமாக, மரியாதையாக, இடைவெளி விட்டு வந்தது. திருப்பி அனுப்புவதற்கான கெடு இந்த இடைவெளிகளில்தான் கரைந்துபோனது. அது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நடுவில் ஒரு வீடியோவும் அனுப்பினார்கள். அவர்களுடைய மேஜையில் அதே டாக், ஒரு எஸ்எஸ்டி, காப்பி ஜன்னலில் 800 எம்பி ஓடுகிறது. பார்த்தீர்களா, எங்களிடம் வருகிறதே என்று குறிப்பு வேறு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டாக்கில் மானிட்டர் கேபிளே இல்லை. போதாக்குறைக்கு, காப்பி செய்ததும் சின்ன கோப்பு. சின்ன கோப்பை காப்பி செய்யும்போது கணினி அதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிக் காட்டும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. 50 ஜிபிக்குக் குறையாத ஒரே கோப்பாக இருந்தால்தான் உண்மையான வேகம் தெரியும்.

அந்த வீடியோவால் ஒரு நன்மை உண்டு. என் மானிட்டரையும் கழற்றிவிட்டு, டாக்கின் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன். 900 வந்தது. மானிட்டரை மாட்டி மறுபடி செருகினேன், 40. சிஸ்டம் விவரங்களில் யூஎஸ்பி பகுதியைத் திறந்தால் அங்கேயும் அதுதான்: மானிட்டர் இருக்கும்போது டிஸ்க்குக்கு நேராக 480 மெகாபிட் (எட்டு பிட் ஒரு பைட் என்பதால் ஏட்டுக் கணக்கில் 60 எம்பி), இல்லாதபோது 10 ஜிகாபிட். டாக்கின் நெட்வொர்க் போர்ட்டும் உள்ளே யூஎஸ்பி வழியாகத்தான் போகிறது என்பதால் ஜிகாபிட் இணைப்பும் கூடவே படுத்துவிட்டது.

காரணம் இதுதான். டைப்-சி கேபிளுக்குள் அதிவேக வேலைக்கு நான்கு தடங்கள் உண்டு. 10 ஜிகாபிட் யூஎஸ்பிக்கு அதில் இரண்டு வேண்டும், போக ஒன்று, வர ஒன்று. மானிட்டருக்கான டிஸ்பிளேபோர்ட் சிக்னலும் இதே தடங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டை எடுத்தால் யூஎஸ்பிக்கு இரண்டு மிஞ்சும். நான்கையும் எடுத்துக்கொண்டால் யூஎஸ்பிக்கு மிஞ்சுவது தனியாக ஓடும் பழைய ஜோடிக் கம்பி, அதாவது 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0. அதன் உச்சம் 480 மெகாபிட். நடைமுறையில் அது விநாடிக்கு 40 எம்பி அளவில் நின்றுவிடும். எனக்கு வந்த எண் அதுவேதான்.

4கே 60 ஹெர்ட்ஸுக்கு எத்தனை தடம் வேண்டும் என்பது டிஸ்பிளேபோர்ட்டின் பதிப்பைப் பொறுத்தது. 1.2 பதிப்பில் ஒரு தடத்துக்கு 5.4 ஜிகாபிட். இரண்டு தடத்தில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும், 60 வேண்டுமென்றால் நான்கும் வேண்டும். 1.4 பதிப்பில் ஒரு தடத்துக்கு 8.1 ஜிகாபிட் என்பதால் இரண்டிலேயே 60 ஹெர்ட்ஸை அடக்கிவிடலாம், மற்ற இரண்டும் டிஸ்க்குக்குக் கிடைக்கும். லேப்டாப்பும் டாக்கும் இரண்டுமே 1.4 ஆக இருந்தால்தான் இது நடக்கும். என் லேப்டாப் 1.4. டாக்குக்குள் இருப்பது 1.2 சிப். ஆக, உங்கள் லேப்டாப் சப்போர்ட் செய்யாது என்று அவர்கள் எழுதியது அப்பட்டமான பொய்.

ஒரு டாக் 1.2 சிப்போடு வருவது குற்றமில்லை. குறைந்த விலைக்கு அது ஒரு நியாயமான சமரசம். சில டைப்-சி மானிட்டர்களின் மெனுவில், அதிகத் தெளிவு வேண்டுமா, அதிகத் தரவு வேகம் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கவே இடம் வைத்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள், நாமும் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறோம். இங்கே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துவிட்டு, நேராகக் கேட்டவனிடமும் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்று சொல்லி விற்றார்கள். அதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் மேல் பழி போட மாட்டேன். மானிட்டர் இல்லாமல் டிஸ்க் முழு வேகத்தில் ஓடும்போது பக்கத்தில் செருகியிருந்த வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரை டிஸ்க்கை விட்டுத் தள்ளிச் செருகினால் சரியாகிவிடும்.

நீங்கள் வாங்கப் போவது சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் பெரிய டிஸ்க்கே அதன் வெளி விளிம்பில் 200, 250 எம்பி அளவில்தான் கொடுக்கும், உள் விளிம்பை நெருங்க நெருங்க அதில் பாதி ஆகிவிடும். அதற்கு 5 ஜிகாபிட் போர்ட் தாராளம். தண்டர்போல்ட் (டைப்-சி வடிவ ஓட்டையிலேயே இன்னும் வேகமாக ஓடும் இணைப்பு முறை) டாக் வாங்கினால்தான் வேகம் வரும் என்று யாராவது தலையில் கட்டப் பார்த்தால் நம்பாதீர்கள். ஆனால் மேலே சொன்ன 480 மெகாபிட் குழியில் விழுந்தால் சுழலும் டிஸ்க்குக்கும் அடிதான். சின்ன போர்ட்டபிள் டிஸ்க் என்றால் மின்சாரத்தையும் பாருங்கள், அது போர்ட்டிலிருந்தே மின்சாரம் இழுக்கும். டாக்கில் ஏகப்பட்டது செருகியிருந்து, டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு மறைந்து மறைந்து வந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

எஸ்எஸ்டி வைத்திருந்து, 4கே மானிட்டரும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்குத் தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 டாக் சரியான வழி. 40 ஜிகாபிட் இணைப்பில் படமும் தரவும் சேர்ந்தே போகும், இந்தத் தடப் பங்கீட்டுச் சண்டை வராது. ஆனால் லேப்டாப்பிலும் அந்த போர்ட் இருக்க வேண்டும். ஓட்டை டைப்-சி வடிவத்தில் இருக்கிறது என்பதால் மட்டும் அது தண்டர்போல்ட் ஆகிவிடாது. 20 ஜிகாபிட் என்று விற்கும் எஸ்எஸ்டிகளை வாங்கினவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: தண்டர்போல்ட் 3, 4 டாக்குகளில் அவை பெரும்பாலும் 10-இல்தான் ஓடும், அந்த 20 வேறு ஒரு தனி முறை.

பெட்டியில் யூஎஸ்பி 3.2 என்று போட்டிருப்பதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. 2008-இல் வந்த 5 ஜிகாபிட் 3.0-க்கே பிறகு 3.1 ஜென் 1 என்றும் 3.2 ஜென் 1 என்றும் பெயரை மாற்றிக்கொண்டே போனார்கள். வேகம் அப்படியேதான் இருக்கிறது. 2022-இல் யூஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பே இந்தப் பெயர்களை விட்டுவிட்டு லோகோவில் வேகத்தின் எண்ணையே போடச் சொல்லிவிட்டது. எத்தனை ஜிகாபிட் என்று எண்ணைக் கேளுங்கள். கூடவே இந்தக் கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள்: இந்த டாக்கில் டிஸ்பிளேபோர்ட் எந்தப் பதிப்பு, 4கே 60 ஹெர்ட்ஸ் ஓடும்போது யூஎஸ்பி போர்ட்டின் வேகம் எத்தனை? சப்போர்ட் ஆகும் என்று மட்டும் பதில் வந்தால் அது பதில் இல்லை, எண் வர வேண்டும். வாங்கிய அன்றே எல்லாவற்றையும் மாட்டி, பெரிய கோப்பை காப்பி செய்து, திரையையும் டாக்கையும் சேர்த்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதை இன்னும் முடியவில்லை. மானிட்டரோடு சேர்த்து அதே வீடியோவை எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. சாட் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 10 ஜிகாபிட் என்பது அதிகபட்ச வேகம், பயன்பாட்டைப் பொறுத்து மாறும், திருப்பி அனுப்பும் காலமும் முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் அடுத்த வாங்கலில் கழித்துக்கொள்ள ஒரு கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பணம் கட்டிய கார்டு வழியாகப் புகார் போட்டிருக்கிறேன். எஸ்எஸ்டி இப்போது லேப்டாப்பின் இன்னொரு டைப்-சி போர்ட்டில் நேராக ஓடுகிறது, டாக் மானிட்டருக்கும் சார்ஜுக்கும் மட்டும். விளம்பரத்தில் அந்த மூன்று வரிகளும் அப்படியே இருக்கின்றன. அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனம் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் காட்டுகிறது.