இருட்டுக் கதைக்கு எந்தப் பொம்மை? கையால் ஆட்டுவதா, ஸ்டாப் மோஷனா?

மனித முகமே இல்லாத புராணச் சாயல் கதையைப் பொம்மைகளால் படமாக்க இரண்டு வழி. கேமரா ஓடும்போதே ஆட்கள் உள்ளிருந்தோ அடியில் நின்றோ ஆட்டுவது ஒன்று. 1982இல் வந்த 'தி டார்க் கிரிஸ்டல்' இதன் உச்சம். மற்றது ஸ்டாப் மோஷன், அதாவது பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனிப்படமாக எடுத்து ஓட்டுவது, 2005இன் 'கார்ப்ஸ் பிரைட்' போல. என் ஓட்டு முதலாவதற்கு.

முகபாவத்தில் ஸ்டாப் மோஷன்தான் கெட்டி. 'கார்ப்ஸ் பிரைட்' பொம்மைகளின் தலைக்குள் பல்சக்கரங்கள். காதுக்குள் ஆலன் கீயை (அறுகோணச் சாவி) விட்டுத் திருப்பினால் உதட்டோரம் இம்மியளவு நகரும். 'டார்க் கிரிஸ்டல்' நாயகன் ஜென்னின் முகம் பல ஷாட்களில் மரத்தே கிடக்கிறது. நடையும் தகராறுதான், ஆட்டுபவரை மறைக்கக் கால்களை ஃபிரேமுக்கு வெளியே தள்ள வேண்டும்.

ஆனால் புகை, தீ, கந்தல் துணி? இந்த வகைக் கதை பாதி இவற்றில்தான் உயிர் வாழ்கிறது. ஸ்டாப் மோஷனில் நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு நிலை என்றாலும் 12 தடவை பொம்மையைத் தொட்டாக வேண்டும். அதுவரை புகை காத்திருக்காது. தனியே எடுத்தோ கம்ப்யூட்டரில் செய்தோதான் ஒட்ட வேண்டும். அளவும் இடிக்கும்: பொம்மையை ஓர் அடிக்குச் சுருக்கலாம், நீர்த்துளியையும் தீநாக்கையும் சுருக்க முடியாது. பக்கத்தில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். துணியும் தன் எடையில் விழாது. மெல்லிய கம்பி வைத்துத் தைத்து, மடிப்பு மடிப்பாக நகர்த்த வேண்டும். ரோமம் இன்னும் மோசம், விரல் பட்ட இடமெல்லாம் கலைந்து திரையில் துடிக்கும்.

'டார்க் கிரிஸ்டல்' வில்லன்களான ஸ்கெக்ஸிஸ், ஆள் உள்ளே புகுந்து ஆட்டும் அளவுக்குப் பெரிய பொம்மைகள். உள்ளே இருப்பவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கித் தலையை ஆட்டுகிறார், மார்பில் கட்டிய குட்டி மானிட்டரைப் பார்த்தபடி. அங்கியின் கனம் நிஜம், அதனால் உடல் திரும்பிய பிறகுதான் துணி திரும்புகிறது. செட்டில் விட்ட புகையும் அதே வெளிச்சத்தில், அதே லென்ஸில் பதிகிறது.

கையால் ஆட்டுவதில் வேறொரு தலைவலி உண்டு. ஃபோம் லேடெக்ஸ் (நுரை ரப்பர்) தோல் வெப்பத்திலும் ஒளியிலும் காய்ந்து, விரிசல் விட்டு, பொடியாக உதிரும். சிலிக்கான் நீடிக்கும், ஆனால் கனம், தூக்கிய கை சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

நடைக் குறையை அதே கதையுலகின் 2019 தொடர் 'தி டார்க் கிரிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' ஓரளவு சரிக்கட்டியது, ஆட்டுபவர்களையும் கம்பிகளையும் கம்ப்யூட்டரில் அழித்து. ஆனாலும் ஒரு பொம்மைக்கு இரண்டு, மூன்று பேர் தேவை. தனி ஆள், ஒரு மேசை அளவு இடம் என்றால் ஸ்டாப் மோஷனுக்கே போகலாம், புகையில்லாத கதையாகப் பார்த்து.