ஃப்ரீலான்ஸ் மாடல்களுக்கான ஒரு போர்ட்ஃபோலியோ சேவை: 44 வயதில் நான் எடுத்துக்கொண்ட படங்கள்

போர்ட்ஃபோலியோ, அதாவது மாடல் வேலை தேடும்போது காட்டும் படத்தொகுப்பு, எடுத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களில் பலர், நம்மை அழகாகக் காட்டினால் போதும், வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நான் எழுதப்போவது அப்படி நினைக்காத ஒரு சிறிய ஸ்டுடியோவைப் பற்றி. ஒரு புகைப்படக்காரரும் ஒரு மேக்கப் கலைஞரும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஏஜென்சி இல்லாமல் தனியாக மாடலிங் செய்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தை விவரமாக எழுதுகிறேன். நீங்கள் வேறு யாரிடம் போனாலும் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த மதிப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கும். வயது 44. உயரம் 157 செ.மீ. தலையில் பாதிக்கு மேல் நரை, சாயம் பூசுவதில்லை. ராம்ப் நடக்கும் பெண்களிடம் பொதுவாக 175 செ.மீ.யை ஒட்டிய உயரத்தை எதிர்பார்ப்பார்கள். நரைத்த தலையோடு மாடலிங் என்றாலே 1931இல் பிறந்து, எண்பது வயதுக்குப் பிறகும் ராம்ப் நடந்த அமெரிக்க மாடல் கார்மென் டெல்ஒரேஃபிசேயைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கும் அவர்மீது பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் நெடுநெடுவென்ற உயரம், பதின்ம வயதிலேயே வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் வந்தவர். அவருடைய பாதையில் எனக்கு வழி கிடைக்காது.

இவர்களிடம் போவதற்கு முன் வேறொரு இடத்தில் ஒரு பேக்கேஜ் எடுத்திருந்தேன். தரையைத் தொடும் கவுன்கள், புகை மெஷின், நரையை மறைக்கத் தலையில் ஸ்பிரே, கடைசியில் கனமான ஓர் ஆல்பம். படங்கள் பளபளவென்றுதான் இருந்தன. அவற்றை அனுப்பிய எந்த இடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

சரி, இந்த ஸ்டுடியோவுக்கு வருகிறேன். முன்பதிவு செய்ததும் முதலில் ஒரு ஃபோன் உரையாடல். நான் உடை, பின்னணி பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். புகைப்படக்காரர் கேட்ட முதல் கேள்வி, “உங்களை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?” எனக்குப் பதில் தெரியவில்லை. உடனே வீட்டுப்பாடம் கொடுத்தார். கண்ணில் படும் விளம்பரங்களில், என் வயதில், என் உடல்வாகில் ஒருவர் நிற்கக்கூடிய இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் படம் பிடித்து வைக்க வேண்டும். அந்தப் படத்தில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த வீட்டுப்பாடம்தான். அதற்கு கேமராகூடத் தேவைப்படவில்லை. தேட ஆரம்பித்ததும் என் வயதுப் பெண்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள்: மருத்துவக் காப்பீடு, மூக்குக்கண்ணாடி, வங்கிச் செயலி, மெத்தை, மூட்டுவலிக்கான தைலம், செவித்திறன் கருவி, பயண நிறுவனம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர்களில் யாரும் கேமராவை முறைத்துப் பார்ப்பதில்லை. ஃபோன் திரையைப் பார்க்கிறார்கள், மருந்துப் பாட்டிலின் லேபிளைப் படிக்கிறார்கள், யாரோ சொன்னதற்குச் சிரிக்கிறார்கள், படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். என் பழைய ஆல்பத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. விளம்பர மாடலிங்கில் விலை போவது முகம் மட்டுமல்ல, ஒரு சின்னச் செயலை நம்பும்படி செய்து காட்டுவதும்தான் என்று அப்போது புரிந்தது. உயரம் கேட்காத ஒரு பெரிய சந்தை இருப்பதும் தெரிந்தது.

ஷூட் அன்று முதலில் எடுத்தது டிஜிட்டல்ஸ். போலராய்ட்ஸ் என்றும் சொல்வார்கள். முன்பு போலராய்டு கேமராவில் எடுத்ததால் வந்த பெயர். மேக்கப் கிடையாது, முடியை இழுத்துக் கட்ட வேண்டும், உடம்பை ஒட்டிய சாதாரண உடை, வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம். நேராக, இரண்டு பக்கமும், முக்கால் கோணத்தில், முழு உயரத்தில், சிரித்தும் சிரிக்காமலும் எடுக்கிறார்கள். பின்னர் ரீடச், அதாவது கணினியில் படத்தைத் திருத்துவது, எதுவும் இல்லை. நிஜத்தில் இந்த ஆள் எப்படி இருப்பார் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் படங்கள் இவை. எனக்குக் கிடைத்த வேலைகளில் மூக்குக்கண்ணாடி கேட்டலாக் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் வந்தது.

பிறகு வீட்டுப்பாடத்திலிருந்து தேர்ந்தெடுத்த நான்கு காட்சிகள். இங்கே அவர்களுடைய முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. படிப்பதுபோல் நடிக்கச் சொல்லவில்லை. பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு நிஜமான தாளைக் கையில் கொடுத்து, அதில் இருக்கும் ஒரு தேதியைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொன்னார்கள். கண்ணைச் சுருக்கித் தேடி, கண்டுபிடித்ததும் புருவம் இறங்கியதே, அந்த நொடிதான் இன்று என் காம்ப் கார்டின் (மாடலின் படங்களும் அளவுகளும் கொண்ட அறிமுக அட்டை) முன்பக்கத்தில் இருக்கிறது. எந்த பிராண்டு பெயரும் இல்லாத வெள்ளைப் பெட்டிகள், பாட்டில்கள், அட்டைகள் எல்லாம் அலமாரி நிறைய வைத்திருக்கிறார்கள். வேறொரு நிறுவனத்தின் பொருள் கையில் இருந்தால், அதன் போட்டியாளர் அந்தப் படத்தைப் பார்த்ததும் தயங்குவாராம்.

கைகளின் கதை தனி. மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அக்கா, முகத்துக்கு முன்னாடி இதை எடுத்துடலாம்” என்றார். நகங்கள் நீளவாக்கில் சீராக இருக்கின்றன, முட்டிகள் துருத்தவில்லை, தோலின் நிறம் ஒரே சீராக இருக்கிறது என்று காரணமும் சொன்னார். எனக்கு இதெல்லாம் அதுவரை தெரியாது. கை மாடலிங்கில் ஒரு பாட்டிலைப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் வெகுநேரம் இருக்க வேண்டும். பிடி இறுகினால் முட்டி வெளுத்துவிடும், தளர்ந்தால் லேபிள் சாய்ந்துவிடும். நரம்புகள் புடைத்துத் தெரிந்தால் ஷாட்டுக்கு முன் கைகளைக் கொஞ்ச நேரம் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். ரத்தம் இறங்கியதும் நரம்பு உள்வாங்கிவிடுகிறது. கைகளுக்கென்று தனியாக ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் என் மோதிர அளவும் கையுறை அளவும் இருக்கின்றன. இன்று எனக்கு வரும் விசாரிப்புகளில் அதிகம் இந்தப் பக்கத்துக்குத்தான்.

நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள், கொடுத்தது 12. எனக்கு அது முதலில் ஏமாற்றம். குறிப்பாக, ஜன்னலோரமாக எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்று, பார்த்தவுடன் மனதில் ஒட்டிக்கொண்டது. அதை போர்ட்ஃபோலியோவில் சேர்க்கவே முடியாது என்றார் புகைப்படக்காரர். “இதில் உங்கள் தோலின் நிறமும் தெரியவில்லை, நரை எந்த மாதிரி நரை என்றும் தெரியவில்லை. இதை வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்.” ஒவ்வொரு படமும் முந்தைய படம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது வெளியே போக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நான் வாதாடிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன்.

அடுத்து, காகிதங்கள். படங்களைப் போலவே இதற்கும் நேரம் ஒதுக்குகிற ஸ்டுடியோவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஷூட்டுக்கு முன்பே ஒப்பந்தத்தை அனுப்பி, வரிவரியாகப் படித்து விளக்கினார்கள். பதிப்புரிமை புகைப்படக்காரருடையது, என் வேலைக்காக நான் படங்களை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், அவர் மூன்றாம் நபருக்கு விற்க வேண்டுமென்றால் என் கையெழுத்து வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கவோ என் உருவத்தின் டிஜிட்டல் நகலை உருவாக்கவோ படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தனியாக ஒரு பிரிவு. இது வீண் பயம் கிடையாது. 2025இல் எச் அண்ட் எம் ஆடை நிறுவனம் 30 மாடல்களுக்கு டிஜிட்டல் இரட்டையர்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. தங்கள் நகலின் உரிமை அந்த மாடல்களிடமே இருக்கும் என்றும் சொன்னது. அப்படி முன்கூட்டியே பேசி எழுதி வைக்காத இடங்களில் நம் முகம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதோடு, இனி நான் போகப்போகும் வேலைகளுக்காக ஒரு மாதிரி மாடல் ரிலீஸும் கொடுத்தார்கள். நம் படத்தைப் பயன்படுத்த நாம் எழுதிக் கொடுக்கும் சம்மதப் படிவம்தான் அது. அதில் மூன்று இடங்கள் காலியாக இருக்கும்: எந்த ஊடகத்தில், எந்தப் பகுதியில், எவ்வளவு காலத்துக்கு. இந்த மூன்றும் நிரம்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லி, ரஸ்ஸல் கிறிஸ்டோஃப் என்ற மாடலின் வழக்கைச் சொன்னார் புகைப்படக்காரர். 1986இல் நெஸ்லேக்காக ஒரு காபிக் கோப்பையைப் பார்ப்பதுபோல் போஸ் கொடுத்து 250 டாலர் வாங்கினார் கிறிஸ்டோஃப். 2002இல் கடையில் ஒரு காபி ஜாடியைப் பார்க்கிறார், லேபிளில் அவருடைய முகம். வழக்குப் போட்டார். 2005இல் நடுவர் குழு அவருக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2009இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போயும் விவகாரம் மறுபடி கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பியது. லேபிளில் போட்டால் தனியாக எவ்வளவு என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அப்படியிருந்தும் இவ்வளவு இழுபறி. அப்படியென்றால் எதுவும் எழுதி வாங்காதவர்களின் நிலைமை? ஏஜென்சி இருந்தால் இந்தப் பேச்சை அவர்கள் பேசுவார்கள். ஃப்ரீலான்ஸ் என்றால் நாமே பேச வேண்டும். ஆகவே இந்தக் காகிதத்தின் மதிப்பு எனக்குப் படங்களுக்குச் சமம்.

இப்போது குறைகள்.

முதல் குறை ரீடச். முதலில் அனுப்பிய படங்களில் என் கண்ணோரச் சுருக்கங்கள் பாதி காணாமல் போயிருந்தன, கழுத்து மடிப்பு சுத்தமாக இல்லை. நரையையும் சுருக்கத்தையும் பார்த்து என்னைக் கூப்பிடும் வாடிக்கையாளர், செட்டில் நேரில் பார்த்ததும் திகைக்கக் கூடாது அல்லவா? இவ்வளவு யோசிக்கும் ஸ்டுடியோ இதைச் செய்தது எனக்கு வருத்தமாகவே இருந்தது. சொன்னதும் திருத்தினார்கள், ஆனால் திருத்திய படங்கள் வர ரொம்ப நாளாயிற்று. நடுவில் ஒரு கேஸ்டிங் (விளம்பரத்துக்கான ஆள் தேர்வு) கை நழுவியது. ரீடச் எதுவரை என்று முதல் ஃபோனிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: பரு, ஆடையில் கறை, பறக்கும் முடி போகலாம், தழும்பு, மச்சம், சுருக்கம் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டாவது, அவர்கள் கூடுதலாகத் தரும் வீடியோ. இசை போட்டு, ஸ்லோ மோஷனில் நான் திரும்பித் திரும்பிப் பார்க்கும் ஒரு துண்டு. எனக்கு வந்த கேஸ்டிங்குகளில் கேட்டது வேறு: கேமராவைப் பார்த்துப் பெயர், உயரம் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டி, கைகளைக் காட்டும் ஒரு சாதாரண அறிமுக வீடியோ. அதை ஃபோனை ஒரு ஸ்டாண்டில் வைத்து ஜன்னலுக்கு எதிரே நின்று நாமே எடுத்துவிடலாம். வீடியோவை விட்டுவிட்டு அந்த நேரத்தை இன்னொரு காட்சிக்குக் கொடுங்கள் என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

காம்ப் கார்டு நேர்த்தியாக வந்தது. முன்னால் ஒரு படம், பின்னால் நான்கு, அதற்குக் கீழே உயரம், உடை அளவு, காலணி அளவு, முடி, கண் நிறம், வேலைக்கென்று தனி மின்னஞ்சல். வீட்டு முகவரியும் சொந்த எண்ணும் போடக் கூடாது என்று அவர்களே சொன்னார்கள். அறிமுகமில்லாத இடத்துக்கு டெஸ்ட் ஷூட் (சோதனைக்காகப் படம் எடுப்பது) போகும் முன் அங்கே ஏற்கெனவே வேலை செய்த மாடல்களிடம் விசாரிக்கவும், கூட ஓர் ஆளை அழைத்துப் போகவும் சொன்னார்கள். இவர்களுடைய சொந்த ஷூட்டுக்கே துணைக்கு ஆள் வரலாம் என்று முன்பதிவுப் படிவத்தில் இருக்கிறது. என் தங்கை கடைசி வரை உட்கார்ந்திருந்தாள், ரிஃப்ளெக்டரும் பிடித்தாள்.

யாருக்கு இந்தச் சேவை தேவையில்லை? ராம்புக்கோ பெரிய ஏஜென்சிக்கோ முயற்சி செய்யும் உயரமான இளம் பெண்களும் ஆண்களும் இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. ஏஜென்சிகள் ஆரம்பத்தில் பார்ப்பது சாதாரண டிஜிட்டல்ஸைத்தான். அதை ஒரு நண்பர் ஃபோனில் எடுத்துக் கொடுத்துவிடலாம். எங்களிடமே காசு கட்டி போர்ட்ஃபோலியோ எடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஓர் ஏஜென்சி சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஏஜென்சியின் வருமானம் நமக்குக் கிடைக்கும் வேலையின் கமிஷனிலிருந்து வர வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஃபேஷன் தொழிலாளர் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: சேரும்போது மாடலிடம் கட்டணமோ வைப்புத்தொகையோ வாங்கக் கூடாது, கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, டிஜிட்டல் நகலுக்கு மாடலின் தனி எழுத்துச் சம்மதம் வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் எப்படியோ, பேசும்போது இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

குட்டையாக, குண்டாக, நரைத்து, தழும்போடு, கண்ணாடி போட்டு, எந்த வகையிலாவது ‘மாடல் மாதிரி இல்லை’ என்று யாரோ சொல்லிவிட்டவர்கள் தாராளமாக இவர்களைப் போன்றவர்களைத் தேடிப் போகலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ரீடச்சுக்கும் தாமதத்துக்கும் சேர்த்து ஒன்று போய்விட்டது. ஏற்கெனவே எடுத்தவர்கள் முடி வெட்டிக்கொண்டாலோ எடை மாறினாலோ, டிஜிட்டல்ஸை மட்டும் புதுப்பித்துக்கொள்ள அரை நேர ஷூட் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பட்டியலில் போடுவதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.