வந்தாறுமூலையில் நான்கு வருடம்: விண்ணப்பிக்க முன் ஒரு வார்த்தை

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஊரில் தம்பி, தங்கைமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் போடலாமா?" தாராளமாகப் போடுங்கள். வந்தாறுமூலையில் இருக்கும் அதன் விவசாய பீடத்தில் நான்கு வருடம் படித்தவன், வேலைக்குப் போய் ஆறு வருடம் கழித்தும் அதைத்தான் சொல்கிறேன். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோதே இருந்த இரண்டு பீடங்களில் எங்களுடையதும் ஒன்று. 1986இல்தான் அது முழுப் பல்கலைக்கழகமானது.

ஆனால், எந்தப் பாடநெறி கிடைத்தாலும் அதன் பாடத்திட்டத்தில் 'கற்றல் பேறுகள்' என்ற பகுதியை, அதாவது பாடம் முடியும்போது உங்களால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று சொல்லும் பகுதியை, முதலில் வாசியுங்கள். நான் முதல் வருடம் அதைப் புரட்டியும் பார்க்கவில்லை. நோட்ஸை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைத்தேன். மண்ணியல் செய்முறை வகுப்பில்தான் கண் திறந்தது. 'மண்ணின் இழையமைப்பைக் கையால் உணர்ந்து கண்டறிவார்' என்பது அந்தப் பாடத்தின் பேறு. இழையமைப்பு என்றால் மண்ணில் மணலும் களியும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது. ஒரு பிடி மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெருவிரலால் தள்ளி நாடா போல நீட்ட வேண்டும். எங்கள் கடற்கரைப் பக்கத்து மண் உடனே உதிர்ந்துவிட்டது. வயல் மண் விரல் நீளத்துக்கு வளைந்து நின்றது. வரைவிலக்கணம் எனக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் கைக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பேறையும் 'இதை என்னால் செய்து காட்ட முடியுமா?' என்று கேட்டுத்தான் படித்தேன். பிறகு வேலைக்கான நேர்முகத்திலும் கேட்டது அதையேதான். புள்ளியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இன்னொன்று, ஒரு பாடத்துக்கான உழைப்பை அளக்கும் கிரெடிட் கணக்கு. ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். அதில் விரிவுரை 15 மணித்தியாலம்தான், மிச்சம் உங்கள் பொறுப்பு. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு இப்படி 120 கிரெடிட் வேண்டும். வகுப்பு வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

எங்கள் பீடத்தில் ஆங்கிலம்தான் மொழி. தமிழில் உயர்தரம் படித்து வந்த எனக்கு முதல் செமிஸ்டர் பெரும் பாடாகிவிட்டது, ஒரு பாடம் ரிபீட்டும் விழுந்தது. என்னைக் கரை சேர்த்தது சீனியர் அண்ணாமார் இரவில் எடுத்த 'குப்பி' என்ற உதவி வகுப்புகள். அவர்கள் தமிழில் விளக்கிவிட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். அந்த அன்பை இன்றும் மறக்கவில்லை. அதனால் குப்பிக்கு வெட்கப்படாமல் போய் இருங்கள். பகிடிவதை என்று யாராவது தொட்டால் மட்டும் பொறுத்துப் போக வேண்டாம். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், உடனே முறையிடுங்கள்.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்க மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். அந்த நாட்களில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, விளங்கியதைச் சொந்தமாக நாலு வரி எழுதிப் பழகுங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.