பட்டன் அறுந்தால் கடைக்கா, கையூசிக்கா?

சட்டைப் பட்டன் ஒன்று விழுந்துவிட்டால் வேலூர்க்காரருக்கு இரண்டு வழி. லாங் பஜார் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு ஆல்டரேஷன் கடையில் நீட்டலாம், இல்லாவிட்டால் வீட்டிலேயே ஊசி நூல் எடுக்கலாம். கடைத் தையல்தான் கெட்டி, வீட்டுத் தையல் அவசரத்துக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ரெடிமேட் சட்டையை உள்பக்கம் திருப்பி, பட்டனுக்குப் பின்னால் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றை நூலில் போட்ட சங்கிலித் தையல்தான் இருக்கும். ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்திருக்கும், முடிச்சு என்று எதுவும் இருக்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை விளையாட்டாக இழுத்தால் போதும், மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். மேல்நூல், கீழ்நூல் இரண்டும் பூட்டிக்கொள்ளும் மெஷின் தையல் இப்படி வராது. ஆனால் நம் சட்டை எந்த மெஷினில் ஏறப்போகிறது என்று கேட்டுவிட்டா கொடுக்கிறோம்? பட்டன் மெஷின் இல்லாத சின்னக் கடைகளில் காஜா (பட்டன் மாட்டும் துளை) எடுக்கும் பையன் கையால்தான் தைத்துத் தருவான். அப்படியானால் அதை நாமே செய்துவிடலாமே.

கைத்தையலின் பலம் நூலைவிடக் கழுத்தில்தான், அதாவது பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும் நூல் தண்டில்தான் இருக்கிறது. பட்டனைத் துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்தால், காஜா பட்டிக்கு அடியில் இடம் இருக்காது. மாட்டும் ஒவ்வொரு தடவையும் பட்டன் துணியைச் சுருட்டி இழுக்கும், நூலும் தேயும். அதனால் பட்டனுக்கு மேலே, துளைகளுக்கு நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்து (தீப்பெட்டித் தொழில் நடக்கும் குடியாத்தம் பக்கத்தில் இதற்கா பஞ்சம்?) அதன்மேல் நூலைப் போட்டுத் தைக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் இரட்டை நூலில் மூன்று நான்கு சுற்று போதும். அப்புறம் குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே தூக்கினால், அடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கும். ஊசியைத் துணிக்கும் பட்டனுக்கும் நடுவில் கொண்டுவந்து, அந்தத் தளர்ந்த நூல்களைச் சுற்றி நாலு சுற்று இறுக்கிச் சுற்றி, பின்பக்கம் இறக்கி முடிச்சுப் போடுங்கள். மெஷின் பெரும்பாலும் இந்தக் கழுத்தைச் சுற்றுவதில்லை.

நாலு துளைப் பட்டனில் பெருக்கல் குறியா, இரண்டு கோடா? பெருக்கல் குறி பார்க்க அழகுதான். ஆனால் நூல்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடு தட்டும், காஜாவில் உரசுவது அந்த மேடுதான். இரண்டு கோடாகத் தைத்தால் நூல் படிந்து கிடக்கும். என் ஓட்டு இரண்டு கோட்டுக்கே.

நூல் விஷயத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஊரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. வியர்வையிலும் சலவையிலும் பருத்தி நூல் சீக்கிரம் இற்றுப்போகும், பாலியெஸ்டர் தாங்கும். வழுக்குவதுதான் அதன் குறை, ஒரு முடிச்சோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று போட்டால் சரி. ஆனால் பழசாகி மெலிந்துபோன பருத்திச் சட்டைக்குப் பருத்தி நூல்தான் நல்லது. எங்காவது மாட்டி இழுபட்டால் நூல் அறுந்து பட்டன் விழும், அவ்வளவுதான். பாலியெஸ்டராக இருந்தால் நூல் நிற்கும், துணி கிழியும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் தடித்த நைலான் நூல் கிடைக்கலாம். அறவே அறாது என்று அதைச் சட்டைக்கு எடுக்காதீர்கள். அது தோலுக்கான நூல். அதற்கேற்ற தடித்த ஊசி மெல்லிய துணியில் ஓட்டை போட்டுவிடும், அந்த ஓட்டையும் நாளாக நாளாகப் பெரிதாகும்.

சரி, கடைக்கு எப்போதுதான் போவது? பட்டனோடு துணியும் பிய்ந்து வந்திருந்தால் போகலாம். உள்ளே சின்ன ஒட்டுத்துணி வைத்து ரஃபு போடுவதைக் கைப்பழக்கம் உள்ள டெய்லரிடம் விட்டுவிடுவது நல்லது. எல்லாப் பட்டனையும் மாற்றுவதானாலும் கடைதான். அப்போது பழைய பட்டன் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். சட்டைப் பட்டன் வழக்கமாக 11 மில்லிமீட்டர் இருக்கும், கொஞ்சம் பெரிதாகிவிட்டால் காஜாவுக்குள் நுழையாது.