மேடைக்கு எது: புரூட்டஸ் பேச்சா, ஆண்டனி பேச்சா?

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்திலிருந்து ஒரு பேச்சை நடிக்கச் சொன்னால் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திண்டாடுவார்கள். இரண்டுமே மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசர் கொலையான சூடு ஆறுமுன், கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸும் சீசரின் நண்பன் ஆண்டனியும் ரோமானியக் கூட்டத்தின் முன் அடுத்தடுத்துப் பேசுபவை.

மனப்பாடம்: புரூட்டஸ் பேசுவது உரைநடை, சின்னது. ஆண்டனியுடையது செய்யுள், நீளம், வெட்டாமல் முடியாது.

பொருட்கள்: புரூட்டஸுக்கு ஒரு குத்துவாள் போதும். ஆண்டனிக்கு சீசரின் உயில், கிழிந்த மேலங்கி, பிணம் எல்லாம் வேண்டும்.

நடிப்பு: புரூட்டஸ் நியாயம் சொல்கிறான், அவ்வளவுதான். ஆண்டனியோ சதிகாரர்களைக் 'கண்ணியவான்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லியே அந்தச் சொல்லை நாறடிக்கிறான். அப்புறம் மேலங்கியை விரித்து, இது காசியஸ் குத்தியது, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்று ஒவ்வொரு கிழிசலாகக் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை! சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் அவனை முன்பே வெளியே கூட்டிப்போய்விட்டான். கடைசியில் உயில்: குடிமகனுக்குத் தலைக்கு 75 டிராக்மா (வெள்ளிக்காசு). கூட்டம் கொதிக்காமல் என்ன செய்யும்?

நேரம் குறைவு, நிதானமான குரல் என்றால் புரூட்டஸ். அவையை ஏற்றி இறக்கத் தெரிந்தவருக்கு ஆண்டனி. என் ஓட்டு ஆண்டனிக்கே, ஆனால் எதிரே கத்த நாலு பேராவது கிடைத்தால் மட்டும்.